மெல்லச் சொல்ல வேண்டிய இடம்

வெள்ளி இரவு. விடிந்தால் கல்யாணம்.
டினோஜனுக்கும் அபிஷாவுக்கும் சொல்ல
அன்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டேன்.
அடுத்த அறையில் யூனிஸ்
பொம்பிளையின் சட்டைக்குக் கை வைக்கிறாள்.
மூன்று நாளாக என்னோடு கதை இல்லை.
மெசின்தான் கதைக்கிறது.

பிழை என்னில்தான்.
கிணற்று மோட்டர் திருத்த வைத்திருந்த காசை,
லீசிங்காரர் லாண்ட்மாஸ்ரரை ஏற்ற வந்து நின்ற அன்று,
நேசதுரையண்ணரின் கையில் வைத்துவிட்டு வந்தேன்.
கொடுத்ததற்கு அவள் கோபிக்கவில்லை.
"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."
நான் வழக்கம்போல் வேதத்தில் ஓர் இடம் தேடினேன்.
இருபத்திரண்டு வருசம் என்னோடு கிடந்தவள்,
எந்த நேரம் எந்த வசனத்துக்குப் பின்னால்
நான் ஒளிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.
"வசனத்தை வையுங்கோ," என்றாள்,
"வாளியை எடுங்கோ."

அள்ளுகிறேன்.
கயிறு உரித்த இந்த உள்ளங்கையைத்தான்
நாளைக்கு அந்தப் பிள்ளைகளின் தலையில் வைக்க வேண்டும்.

பின்னேரம் சுகிர்தம் வந்து
கோயிலைக் கூட்டி, வாங்குகளைத் துடைத்து,
கடதாசிப் பூக் கொப்புகளை வாளித் தண்ணீரில் நிறுத்திவிட்டுக்
கேட்டாள்:
"போதகர், நாளைக்கு அந்தச் சொல்லுச் சொல்லுவியளோ,
மரணம் பிரிக்கும்வரைக்கும் எண்டு?"
சொல்லத்தானே வேணும், என்றேன்.
"எனக்கும் சொன்னவை.
மரணம் எண்டு எனக்கு ஆர் வந்து சொல்லுறது?"

வட்டுவாகலில் பேர் பதியப் போன வரிசையில்
அவள் புருசனின் முதுகு
கடைசியாக நீலச் சேட்டுப் போட்டிருந்தது.
புறா பதித்த தாலியை அவள் கழற்றவும் இல்லை,
வெளியே தெரியப் போடவும் இல்லை.
மல்லாவியில் ஒரு மேசன், நல்ல மனுசன்,
ஆள்விட்டுக் கேட்டதாக ஊரில் ஒரு கதை.
அவள் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டாளா,
அவிழ்க்காமல் இருக்க அனுமதி கேட்டாளா,
எனக்கு விளங்கவில்லை.
திருப்பிக் கேட்கத் தைரியமும் இல்லை.

ஜெபிப்பம், என்றேன்.
அந்தச் சொல்லால் நான் கதவு திறந்ததும் உண்டு,
சாத்தியதும் உண்டு.
இன்று சாத்தினேன்.
அவள் தலையைக் குனிந்து, முழுவதையும் கேட்டு, ஆமென் சொல்லி,
தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள்.
"ரெண்டாவது தகரம் ஒழுகுது, போதகர்.
மழை வந்தா மாப்பிளை நனைவான்."

ஏறினேன்.
தந்த நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்த தகரம்,
அதில் ஒரு சன்னம் போன ஓட்டை,
பழைய சைக்கிள் ரியூப் துண்டு, கொஞ்சம் தார்.
மேலேயிருந்து அக்கராயன் குளம் தெரிந்தது,
வான் பாய இன்னும் ஒன்றரை அடி.
யானைக்கு வெடி கொளுத்துகிற சத்தம் காட்டுக்கரையில்.
சுகிர்தம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்,
ஏறி மிதிக்கவில்லை.
வாயில் ஆணி. ஜெபிக்க முடியவில்லை.
அந்த அரை மணித்தியாலம்
ஆண்டவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது மெசின் நிற்கிறது.
யூனிஸ் வந்து, தோளுக்கு மேலால் அரைப் பக்கத்தை வாசித்து,
பேனையை வாங்கி
ஒரு வரியை வெட்டுகிறாள்.
நான் நல்லது என்று நினைத்த வரி.

"சுகிர்தம் கேட்டவளோ?"
உன்னட்டையும் கேட்டவளா?
"போன மாசம்."
நீ என்ன சொன்னனி?
"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சம்."

நூல் துண்டொன்றைப் பல்லால் கடித்துத் துப்புகிறாள்.
"நாளைக்கு அவளை என்ர பக்கத்தில இருத்துறன்.
அந்த இடம் வரேக்க மெல்லமாச் சொல்லுங்கோ.
விடச் சொல்லேல்லை, மெல்லமா."
மோட்டரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
போய்விட்டாள்.

விளக்கின் பூச்சிகளைத் தட்டிவிட்டு
வெறும் அறைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்,
மரணம் பிரிக்கும்வரைக்கும்.

மெசின் ஒரு தையல் நிற்கிறது.
"இன்னும் மெல்ல," என்கிறாள்.